அன்னிக்கு வராந்தால பேசின அக்காவுக்கு

அக்கா, உங்க பேர கூட கேட்டுக்கல. அப்பா ட்ரீட்மென்ட்டுக்கு எல்லாரும் சேர்ந்து போட்ட பணத்துல அவர் போனப்புறம் கொஞ்சம் மீதி இருந்துச்சு, அத வச்சு அவர் இருந்த வார்டுக்கு ஒரு மெஷின் வாங்கி குடுத்துடலாம்னு நான் வராந்தால போன்ல பேசிட்டிருந்தப்ப பக்கத்துல உக்காந்திருந்த நீங்கதான் மெதுவா கேட்டீங்க, "மெஷின் வாங்கிடலாம்மா, வருஷா வருஷம் சர்வீஸுக்கு யார் பணம் கட்டுவா?"ன்னு.

அந்த ஒரு கேள்விலதான் எங்க அறக்கட்டளை ஆரம்பிச்சது. பணம் உன் சொந்த அக்கவுண்ட்ல இருக்கவே கூடாது, குடுத்தவங்ககிட்ட மொதல்ல சம்மதம் கேளு, டிரஸ்ட் பத்திரத்துல நோக்கத்த தெளிவா எழுது, அசல தொடாம வட்டிய மட்டும் செலவு பண்ணு, வருஷம் தவறாம ஆடிட் பண்ணு, என்ன வேணும்னு டாக்டர மட்டும் இல்ல நர்ஸுங்களையும் கேளுன்னு ஒரு பில் பின்னாடி எழுதியே குடுத்தீங்க.

நர்ஸுங்க கேட்டது என்ன தெரியுமாக்கா, ராத்திரி கூட இருக்கறவங்க சாஞ்சு படுக்க நாற்காலி! அதான் நாங்க வாங்கின முதல் பொருள். அப்பா பக்கத்துல ஸ்டூல்லயே உக்காந்து விடிய விடிய முழிச்சிருந்த எனக்கே அது தோணல.

அந்த பில் இன்னும் பத்திரமா இருக்கு. எங்கயாவது இத பாத்தீங்கன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, ரொம்ப ரொம்ப நன்றிக்கா.