டாக்டரம்மா என்று இனி கூப்பிட மாட்டேன்

பாப்பா,

பழக்க தோஷத்தில் 'டாக்டரம்மாவுக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். அப்புறம் அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு வேறு தாள் எடுத்தேன். போனில் நான் "சாப்பிட்டியா" என்கிறேன், நீ "ம்" என்கிறாய். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சித்தி வீட்டுக்குக் கிளம்பிப் போன மறுநாள் தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தேன். பின்பக்கம் உன் கையெழுத்து. 4+4+1=9. என்னவென்று புரியக் கொஞ்ச நேரமானது. நீட்டில் நீ விட்டுவிட்டு வந்த இரண்டு கேள்விக்கு விடை போட்டிருந்தால் எட்டு மார்க். தப்பாகப் போட்ட ஒன்றைத் தொடாமல் இருந்திருந்தால், அதற்குக் கழித்த ஒரு மார்க்கும் மிஞ்சியிருக்கும். 720-க்கு எழுதியதில் கட்-ஆஃபுக்கும் உனக்கும் நடுவில் அந்த ஒன்பதுதான். மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி. இயற்பியல் தாளைப் பார்த்து நாமக்கல் கோச்சிங் சாரே தலையைச் சொறிந்தார் என்று நீதானே சொன்னாய்? 22 லட்சம் பேர் எழுதினார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடம் ஒரு லட்சத்துச் சொச்சம். இதையெல்லாம் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்காது, தெரியும். ஓ.பி. வரிசையில் நிற்பவரிடம் உனக்கு முன்னால் எண்பது பேர் இருக்கிறார்கள் என்றால் அவர் வலி குறைந்துவிடுமா?

உன் அப்பா எதை ஆரம்பித்தாலும் 7.5 சதவீதத்தில் போய் நிற்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு 2020-இல் வந்தபோது நீ ஒன்பதாவது. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கம்மலை அடகு வைத்து உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவள் நான். அது என் கணக்கு, உன் காலண்டர் தாளில் அதை ஏற்றாதே.

நான் நர்ஸாகப் போய்வருகிற சப்-சென்டர் ஊர்களில் ஒன்றில், செங்கல் சூளைக்காரர் மகள் இந்த ஒதுக்கீட்டில்தான் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றரை மாதத்துத் தடுப்பூசி போட்டது நான். வீட்டுக்குப் போய் வாழ்த்தினேன். அவள் அம்மா காபி கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய்யில்லை. திரும்பும்போது கண்மாய்க் கரையில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு அழுதேன். அதுவும் பொய்யில்லை.

அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. உனக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்த நாள் ஞாபகம் வந்தது. நீ மூன்றாவது படித்தாய். அன்றைக்கு ஆய்வுக்கு வந்த ஒரு டாக்டர், என்னைவிடப் பத்து வயது இளையவர், கர்ப்பிணிகள் பதிவேட்டில் ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று ஊர்ப் பெண்கள் முன்னால் அதைத் தூக்கி வீசினார். குனிந்து பொறுக்கினேன். வீட்டுக்கு வந்தால், நீ என் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். "வாங்க டாக்டரம்மா" என்றேன். இருபத்திரண்டு வருஷமாக ஊர் என்னை நர்ஸம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது. எனக்கு அது போதவில்லை. என் ரோஷத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு குழந்தை தலையில் பெயரைக் கட்டியிருக்கிறேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எல்லாம் அப்படியே கூப்பிட்டேன். இப்போது ஊரில் யார் முகத்திலும் விழிக்க உனக்குக் கூசுகிறது என்றால், அந்தக் கூச்சத்தில் பாதி நான் கொடுத்தது.

வெளிநாட்டு மருத்துவ சீட்டு என்று புரோக்கர் ஒருவர் அப்பாவுக்கு நாலு தடவை போன் செய்துவிட்டார். அப்பா வயலை விற்கிறேன் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வயல் போகுதே என்று இல்லை. படித்துத் திரும்பினாலும் இங்கே டாக்டராக எஃப்.எம்.ஜி.இ. என்கிற தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இன்னும் ஆறேழு வருஷம் கழித்து நீ வேறொரு காலண்டரின் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நர்ஸிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய். ப்ளஸ் டூ மார்க்குக்குக் கிடைத்துவிடும். பிடித்தால் சேர். என்னைப் பார்த்தும் சேர வேண்டாம், என்னைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம். மூன்றாவது தடவை எழுதுவதென்றாலும் சரி, நீட்டுக்கு இத்தனை தடவைதான் என்று தடை கிடையாது. ஆனால் அதை இந்த வாரமே முடிவு செய்யாதே. தூங்காமல் எடுக்கிற முடிவு எனக்குப் பிடிக்காது. நீ ராத்திரி இரண்டு மணிக்கு மாடியில் நடக்கிறாய் என்று சித்தி சொன்னாள்.

ஊர் முழுக்க 104 உதவி எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தவள் நான். நம் வீட்டில் ஒட்டவில்லை. ராத்திரியில் மனசு எங்கெங்கோ போனால் அந்த எண்ணைக் கூப்பிடு; நீட் எழுதிய பிள்ளைகளிடம் பேசவே ஆள் வைத்திருக்கிறார்கள். இல்லை, என்னையே கூப்பிடு. "ம்" என்று மட்டும் சொன்னாலும் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள், நகர முடியாது. வியாழன் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மாட்டுத்தாவணிக்கு வரத் தோன்றினால் வா. தோன்றாவிட்டால் நானே ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். சித்தியிடம் மீன் வாங்க வேண்டாம் என்று சொல், நம் கண்மாய்க் கெண்டையைக் கழுவி எடுத்து வருகிறேன். ஐஸ் பெட்டியில் இல்லை, பயப்படாதே.

அம்மா