மூத்தோர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரத்த அழுத்த முகாம், பொங்கல் விழா எல்லாம் இந்த ஆண்டும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, மறதி நோய் வந்த உறுப்பினர்களின் வீட்டாருக்காகத் தொடங்கிய சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான்.

வந்தவர்கள் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார்கள். டோனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்கு ஓரளவு உதவும், நோயைக் குணப்படுத்துவதில்லை. சரி, நாம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிப் பார்ப்போம் என்று வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுத்தோம். பிரச்சினை வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும்.

ஒரு பெரியவர் குளிக்கும்போது கையை ஓங்குவார். மகள் எழுதிய நோட்டைப் புரட்டினால், தலையில் தண்ணீர் விழும் நேரத்தில்தான் அத்தனை சண்டையும். இப்போது சொம்பை அவர் கையிலேயே கொடுத்து, காலிலிருந்து ஊற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். தலைக்கு ஈரத் துண்டால் துடைப்பதோடு சரி. கை ஓங்குவது நின்றுவிட்டது.

இடைவெளி விட்டு நினைவூட்டும் பயிற்சியும் சில வீடுகளில் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் மறதி நோயாளிகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது. “இன்னைக்கு என்ன கிழமைன்னு எதுல பாப்பீங்க?” என்று கேட்க வேண்டும். “காலண்டர்ல” என்று சொன்னால் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக் கேட்கலாம். தவறினால் “யோசிங்க” என்று வற்புறுத்தாமல், உடனே விடையைச் சொல்லி, கடைசியாகச் சரிவந்த இடைவெளிக்குத் திரும்ப வேண்டும்.

இங்கே உறுப்பினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பார்க்கப் போகிறவர்கள் “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று தயவுசெய்து சோதிக்காதீர்கள். தெரியாமல் விழிக்கும் அந்த முகத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பெயரையும் உறவையும் நீங்களே முதலில் சொல்லிவிட்டு உட்காருங்கள். வீட்டாரும் அப்படியே, நோய் வந்தவர் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால் அதே நிதானத்தோடு பதில் சொல்லுங்கள். கேட்டது அவர்களுக்கு நினைவில் இல்லை, வேண்டுமென்றே செய்யவில்லை.

அடுத்த ஆண்டு குழுவாகப் பேசி, பாடி, பொருள்களைத் தொட்டுப் பார்த்து மனத்தைத் தூண்டும் அமர்வுகளை நடத்தத் திட்டம். இங்கிலாந்தில் 14 அமர்வுகளாக உருவான இந்த முறையை, சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தினர் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். நடத்துவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஆண்கள் யாரும் இதுவரை பெயர் கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்