முதலில் டாக்டர், அப்புறம் தட்டு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டு உன் அம்மாவுக்கு முழுச் சந்தோஷம், எனக்குப் பாதிதான். சுகரைக் கட்டுப்படுத்தத் திங்கட்கிழமையிலிருந்து சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் முழுக்குப் போடப் போகிறேன் என்கிறாய். நல்ல முடிவு. ஆனால் நீ சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடு. டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்காதே.

கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீ சாப்பிட்டாயா, எவ்வளவு சாப்பிட்டாய் என்றெல்லாம் அது பார்க்காது. உன் பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு அது. மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் சுகர் 70-க்குக் கீழே போய்விடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. சுகர் மாத்திரையில் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகள் வேறு ரகம்: மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடலாம். பிரஷர் மாத்திரை இருந்தால் அதையும் சொல்லிவிடு, பிரஷரும் இறங்கக்கூடும். எந்த அளவைக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். நீயாக எதையும் நிறுத்தாதே.

எப்போதாவது லோ சுகர் ஆனால், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார். அந்த நேரத்தில் 'பத்தியம் கெட்டுவிடுமே' என்று யோசிக்காதே, அம்மா. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

சரி, எவ்வளவு குறைப்பது? மாவுச்சத்து ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைந்த மாவுச்சத்துச் சாப்பாடு என்கிறார்கள். 20 முதல் 50 கிராம் என்பது கீட்டோ என்கிற ரொம்பக் கடுமையான பத்தியம். முதல் நாளே நீ அங்கே போய்க் குதிக்க வேண்டாம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15. முட்டையில் ஒரு கிராம்கூடத் தேறாது.

ஆனாலும் அட்டவணையைவிட மீட்டரை நம்பு. சுகர் எழுதி வைக்கும் என் நோட்டிலிருந்து இரண்டு வரி: தட்டு நிறையச் சோறு, ஓரமாகக் கொஞ்சம் காய் வைத்துச் சாப்பிட்ட அன்று சாப்பாட்டுக்கு முன் 124, இரண்டு மணி நேரம் கழித்து 231. மறுநாள் ஒரு பெரிய கிண்ணம் காய், மீன், கடைசியில் ஒரு பிடி சோறு. முன் 119, பின் 152. சோறு குறைந்தது முக்கியக் காரணம். காயையும் மீனையும் முதலில் முடித்ததும் கொஞ்சம் உதவியிருக்கும். உன் எண்கள் வேறாக இருக்கும், அதனால்தான் உனக்கும் ஒரு நோட்டு வேண்டும்.

நீ வாங்கி வைத்திருக்கிறாயே 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட், அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார். சர்க்கரை வரியில் பூஜ்யம் இருக்கலாம். மொத்தக் கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து, என்ன எண் என்று படி. உள்ளே இருக்கிற மைதா எங்கே போகும்?

சந்தோஷப்பட்டாலும், இது ஏதோ இந்தக் காலத்து மோகம் என்கிறாள் உன் அம்மா. இல்லை. 1797-லேயே ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் நீரிழிவுக்கு இறைச்சிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இன்சுலின் வந்ததே 1921-ல்தான். இப்போதைய ஆய்வுகளில் ஆறு மாதம் வரை பலன் நன்றாகத் தெரிகிறது, ஓராண்டில் மற்ற பத்தியங்களோடு வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. கடுமையாகத் தொடங்கி நடுவில் கைவிடுகிறவர்கள் அதில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் ஊகம். அதனால் நீ நான்கைந்து வருடம் அலுக்காமல் சாப்பிடக்கூடிய அளவைத் தேர்ந்தெடு. அது 100 கிராமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கும்போது கொலஸ்ட்ராலையும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் சேர்த்து எழுதித் தரச் சொல். சிலருக்கு இந்தச் சாப்பாட்டில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், வெண்ணெயை அள்ளிப் போட்டால் இன்னும். அப்படியானால் மீன், கொட்டைகள் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா