கையெழுத்துப் போடுவதற்கு முன்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் பாதிதான் சொல்ல முடிகிறது. நடுவிலேயே அம்மா போனை வாங்கிக்கொண்டு, பட்டாளத்தில் இருக்கிற என் பெரியவனைப் பற்றி "பிள்ளை துப்பாக்கி எல்லாம் தூக்குகிறானாமே" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை பிஆர் (நிரந்தரவாசம்) விண்ணப்பத்தில் உன் மகன் பெயரையும் சேர்த்துப் போடப்போகிறார் என்றாய். போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் எத்தனை கூடை அழுக்குத் துணி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தன் வேலையை வைத்து பிஆர் வாங்குகிற மாப்பிள்ளைக்குத் தேசிய சேவை என்கிற கட்டாயப் பட்டாளம் கிடையாது. அவரோடு சேர்த்து வாங்குகிற ஆண்பிள்ளைக்கு உண்டு. இந்த ஊரில் 1967-இல் கொண்டுவந்த முறை இது. பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வரும். பிறகு மருத்துவப் பரிசோதனை. பதினெட்டு ஆனதும், படிப்பை ஒரு கட்டத்துக்கு முடித்துக்கொண்டு, 2 வருடம் முழுநேரப் பட்டாளம். நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரியான ஏ லெவலோ பாலிடெக்னிக் டிப்ளோமாவோ முடிக்கும்வரை பொறுப்பார்கள். "பட்டம் வாங்கிவிட்டு வருகிறேன்" என்றால் நடக்காது. பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி வைத்துக்கொண்டு, சேவை முடிந்த பிறகு போய்ச் சேரவேண்டும். இங்கே ஒரே வகுப்பில் படித்த பெண்பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது பையன்கள் இன்னும் புத்தகப் பையோடு அலைவது அதனால்தான்.

ஊரில் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிற ஒன்று இருக்கிறது. பையனுக்கு 13 வயது ஆனதிலிருந்தே, 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். "பிஆர் கிடைக்கட்டும், ப்ளஸ் டூவை மட்டும் திருச்சியில் நம் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கலாம்" என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டிருந்தால் அது இங்கேதான் இடிக்கும். அத்தனை காலம் வெளியே இருக்க, குறைந்தது 75,000 வெள்ளிக்கோ (சிங்கப்பூர் டாலர்), பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதிக்கோ, எது அதிகமோ அதற்குப் பிணை கட்டச் சொல்வார்கள். சொல்லாமல் போய்விட்டுத் திரும்பி வந்தால் வழக்கு: 10,000 வெள்ளி வரை அபராதம், 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சேவை செய்யாமலே பிஆரைத் திருப்பிக் கொடுத்தாலும் நாளைக்கு அவன் இங்கே படிக்க, வேலை பார்க்க விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். பையனை விண்ணப்பத்தில் சேர்க்காமல் விடவும் வழி இருக்கிறது. அப்போது அவன் வெளிநாட்டு மாணவன். பள்ளிக் கட்டணம் பல மடங்கு, அரசுப் பள்ளியில் இடத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு, 21 வயதில் உங்களைச் சார்ந்த அனுமதி அட்டையும் முடிந்துவிடும். இரண்டில் எது தேவலை என்று நீங்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி வீட்டு விஷயம்.

சேரும் நாளில் குடும்பத்தோடு, பயிற்சி முகாம் இருக்கிற தெக்கோங் தீவுக்குப் போகலாம். சாங்கி பக்கத்திலிருந்து படகு. பையன்கள் உறுதிமொழி எடுப்பார்கள். அவர்கள் படுக்கும் அறையைக் காட்டுவார்கள், அதற்கு 'பங்க்' என்று பெயர். அங்கேயே சாப்பாடும் போடுவார்கள். சைவம் வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள். போன் இரவில் கொஞ்ச நேரம் கையில் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் "சாப்பிட்டியா" என்று கேட்காதே, சாப்பாடு அங்கே நேரத்துக்குக் கிடைக்கிறது. காலில் கொப்புளம் இருக்கிறதா, தொடை இடுக்கில் அரிப்பு இருக்கிறதா என்று கேள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவது அதைத்தான். பெரும்பாலான பையன்களுக்கு அடிப்படைப் பயிற்சி 9 வாரம், கடைசியில் 24 கிலோமீட்டர் நடை. எடை கூடினவர்களுக்கும் உடல்தகுதித் தேர்வில் தேறாதவர்களுக்கும் இன்னும் நீளும்.

முதல் இரண்டு வாரம் கழிந்த பிறகு எல்லாம் 'புக் அவுட்', 'புக் இன்' என்ற இரண்டு சொல்லில்தான் ஓடும். வெள்ளி இரவோ சனிக்கிழமையோ வெளியே விடுவார்கள், ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். தீவிலிருந்து படகு, அதற்குப் பிறகு பஸ், பாசிர் ரிஸ்ஸிலிருந்து எம்ஆர்டி ரயில். நம் வீடு சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருப்பதால் ரயிலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். வெள்ளி இரவு ஒன்பதரைக்கு வந்தால் தூங்குகிற நேரத்தைக் கழித்து எனக்கும் வாஷிங் மெஷினுக்கும் கிடைப்பது ஒன்றரை நாள்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். இங்கே புதிதாய் வரும் அம்மாக்கள் எல்லோரும் தப்புப் பண்ணுவது இதில்தான்.

பையை ஹாலில் திறக்கவிடாதே. நேரே சமையலறைக்குப் பின்னால் இருக்கிற துவைக்கும் இடத்துக்கு அனுப்பு. முதல் வேலை பாக்கெட். சட்டையில் மேலே இரண்டு, கால்சட்டையில் பக்கத்துக்குப் பக்கம், தொடைக்கு மேலே பெரிசாய் இரண்டு. பேனா, சின்ன நோட்டு, மிட்டாய்த் தாள், துப்பாக்கி துடைக்கிற காது பஞ்சுக் குச்சி, முகத்தில் பூசுகிற பச்சை மை டப்பா எல்லாம் அதில் இருக்கும். அந்த மை டப்பா ஒன்று மெஷினுக்குள் போனால் சின்னவனின் வெள்ளைச் சட்டை அடுத்த மூன்று தடவைக்குப் பச்சையாகத்தான் வரும். பித்தளையில் எதுவும், சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடாகவே இருந்தாலும், கையில் பட்டால் குப்பையில் போடாதே. பையனிடம் காட்டி, உடனே மேலதிகாரியிடம் சொல்லித் திருப்பிக் கொடுக்கச் சொல். சுடுகிற இடத்தை விட்டு வரும்போது தன்னிடம் எதுவும் இல்லை என்று ஒவ்வொருவனும் சொல்லிவிட்டு வருகிறான். விளையாட்டுக்கு வைத்துக்கொள்கிற பொருள் இல்லை அது.

அடுத்தது மண். தெக்கோங் மண் நம்ம ஊர்ச் செம்மண் மாதிரிதான், ஒட்டினால் விடாது. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நூலுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காயவிட்டு உதறி, பழைய பிரஷ்ஷால் தட்டி எடு. பிறகு சோப்பு இல்லாத வெறும் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவை. கொட்டு. இன்னொரு தடவை ஊறவை. தண்ணீர் ஓரளவு தெளிந்த பிறகுதான் மெஷின். மண்ணோடு உள்ளே போட்டால் அடியில் இருக்கிற வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்காமல் மெஷின் பாதியில் நிற்கும், பழுது பார்க்கிறவன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். வடிகட்டியை மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவு.

நாற்றம் வேறு சங்கதி. ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்திருப்பார்கள், அதில் பூஞ்சை பிடிக்கும். சோப்பை இரண்டு மடங்கு போட்டால் போகாது, துணியில் சோப்புத் தங்கி இன்னும் நாறும். ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கப் வெள்ளை வினிகர் விட்டு அரைமணி ஊறவைத்து அலசிவிட்டு, வழக்கமான அளவு சோப்பில் போடு. வினிகர் விட்ட வாளியில் ப்ளீச் மட்டும் கலந்துவிடாதே. கிளம்புகிற வாயு தொண்டையைப் பிடிக்கும். சீருடைக்கு ப்ளீச்சே வேண்டாம், நிறம் திட்டுத் திட்டாய்ப் போகும். கஞ்சியும் வேண்டாம். துணியை உள்புறம் வெளியே திருப்பி, ஜிப்பைப் பூட்டி, பச்சை ஒரு லோடு, சாக்ஸும் துண்டும் ஒரு லோடு, பள்ளிக்கூட வெள்ளை ஒரு லோடு.

காயப்போடுவது இங்கே தனி வித்தை. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பல இடத்தில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியைச் செருகித்தான் காயப்போடுவோம். நனைந்த சீருடைக் கால்சட்டை கனமாக இருக்கும். ஒரு கழிக்கு மூன்றுக்கு மேல் போடாதே, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். ஒன்பதாம் மாடியிலிருந்து கழி நழுவினால் கீழே போகிறவர் தலை போய்விடும், சட்டப்படியும் குற்றம். டிசம்பர், ஜனவரி மழையில் கழியை நம்பாதே. அறைக்குள் கொடி கட்டி, ஃபேனை நேரே அதன்மேல் திருப்பிவிடு. பூட்ஸை வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்று.

காட்டில் தங்குகிற பயிற்சி வாரம் வந்தால், 'ஃபீல்ட் கேம்ப்' என்பார்கள், சனிக்கிழமை முழுக்க மூட்டை கட்டும் வேலை. ஒரு ஜிப் பைக்குள் ஒரு நாள் துணி: பனியன், உள்ளாடை, ஒரு ஜோடி சாக்ஸ். காற்றை அமுக்கி எடுத்துவிட்டு மூடி, மேலே கறுப்பு மையால் அவனுடைய நாலு இலக்க எண்ணை எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவைத்தால், மழையில் இருட்டில் சாக்ஸ் தேடித் திறக்கும்போது மொத்தமும் நனையும். குளியல் கிடையாது, பவுடர்தான் குளியல். முகத்து மை போக ஈரத் துடைப்புத் தாள், கொஞ்சம் பேபி ஆயில். கொசு மருந்து. பூஞ்சைக்குக் களிம்பு. கொப்புளம் வராமலிருக்க மெல்லிய சாக்ஸுக்கு மேல் தடித்த சாக்ஸ், ஈரமானால் உடனே மாற்றுவது. காலை உரசுவதில் பூட்ஸை விட ஈரம்தான் பெரிய எதிரி. பட்டியல் அவர்களே கொடுப்பார்கள். அதில் இல்லாததை அம்மா பாசத்தில் சேர்த்து வைக்காதே, அவன்தான் முதுகில் சுமக்க வேண்டும். துப்பாக்கியே 4 கிலோவுக்குப் பக்கம்.

சாப்பாடு பற்றி நீ கேட்பாய். வந்த இரவு பிரியாணி எல்லாம் செய்துவைக்காதே. ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். கறி சனிக்கிழமை மதியம், அவன் தூங்கி எழுந்த பிறகு. "ஆட்டுக்கறி சாப்பிட நானும் பட்டாளத்துக்குத்தான் போகணுமா" என்று சின்னவன் தட்டை முறைப்பான். ஞாயிறு சாயங்காலம் வயிறு நிரம்பத் திணித்து அனுப்பாதே, படகு இருக்கிறது. கட்டிக் கொடுக்கவும் வேண்டாம், பங்க் அறையில் எறும்பு வந்தால் அத்தனை பேருக்கும் பெருக்குகிற தண்டனை.

உடம்பு சரியில்லை என்றால் புக் இன் நேரத்துக்கு முன்பே சார்ஜன்ட்டுக்கு அவனே தகவல் சொல்ல வேண்டும், டாக்டரிடம் போய் எம்சி என்கிற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். நீ போன் போட்டுப் பேசினால் அவனுக்குத்தான் மானக்கேடு. சொல்லாமல் தாமதித்தால் அடுத்த வார விடுப்பு போய்விடும். வருடத்துக்கு விடுமுறை 14 நாள்தான், பயிற்சிக் காலத்தில் நினைத்த நேரத்துக்கு எடுக்கவும் முடியாது. நம் வீட்டுக் கல்யாணத் தேதி குறித்தவுடன் எனக்கு ஒரு வார்த்தை சொல், அழைப்பிதழ் அச்சான பிறகு சொல்லிப் பயனில்லை. கைச்செலவுக்கு மாதம் 700 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறார்கள். அதைச் சம்பளம் என்று நினைத்து மாப்பிள்ளை குடும்பக் கணக்கில் எழுத வேண்டாம்.

இவ்வளவு எழுதிவிட்டு உண்மையைச் சொல்கிறேன்: பட்டாளத்தானை விடப் பள்ளிக்கூடத்தான்தான் வேலை. பெரியவன் துணியோடு முடிந்துவிடுவான், அவனை எழுப்ப, ஓடவைக்க, தூங்கவைக்க ஆள் போட்டிருக்கிறது அரசாங்கம். உயர்நிலை மூன்றில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் நான். ஐந்தே முக்காலுக்கு எழுப்பினால் ஆறரைக்கு பஸ், ஏழரைக்கு வகுப்பு. வெறும் பாடம் என்றால் இரண்டு, இரண்டரைக்கு வருவான். விளையாட்டு, இசை மாதிரி இணைப்பாட வகுப்பு இருக்கிற நாளில் ஆறரை. இருவருக்கும் ஒரே அறை, சனிக்கிழமை ஒருவன் பகல் பன்னிரண்டு வரை தூங்க, மற்றவனுக்கு ஒன்பது மணிக்கு டியூஷன். அவன் புத்தகத்தையும் சட்டையையும் வெள்ளி இரவே ஹாலுக்கு எடுத்து வைத்துவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். 2027 முதல், நம்ம ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரியான ஓ லெவல் என்ற பெயரே போய்ப் புதுச் சான்றிதழ் வருகிறது. உன் மகன் வந்து சேர்ந்தால் அதைத்தான் எழுதுவான், பழைய வினாத்தாள் மூட்டையை யாரிடமும் காசு கொடுத்து வாங்காதே.

இன்னொன்று, இதை இப்போதே தொடங்கு. பள்ளியில் நாஃபா என்று ஓர் உடல்தகுதித் தேர்வு உண்டு. படுத்து எழுந்து உட்காருதல், நின்று தாண்டுதல், குனிந்து எட்டுதல், கம்பியில் இழுத்தல், முன்னும் பின்னும் திரும்பி ஓடுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஆறு. பட்டாளத்துக்குப் போவதற்கு முன் அவர்கள் சொல்கிற காலத்துக்குள் அதில் வெள்ளித் தரம் வாங்கியவனுக்கு 2 வருடத்தில் 2 மாதம் குறையும். பையன்கள் விழுவது கம்பியிலும் ஓட்டத்திலும்தான். கடைசி மாதத்தில் ஓடிப் பழகினால் முழங்கால்தான் வலிக்கும். வாரம் மூன்று நாள், முதலில் ஒரு கிலோமீட்டர், மெதுவாக. கதவு நிலையில் ஒரு கம்பி மாட்டு, தொங்கவாவது செய்யட்டும். உன் மகன் இப்போது மாலையில் போன் நோண்டுகிற நேரம் அதற்குப் போதும்.

2 வருடம் முடிந்தாலும் முழுக்க விடமாட்டார்கள். அதன்பிறகும் பத்து வருடச் சுழற்சிக்கு வருடத்துக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். மருமகள் தலையில் விழப்போகிற துணி அது, அதை இப்போது எண்ணாதே.

மெஷின் நின்றுவிட்டது, சின்னவனின் வெள்ளைச் சட்டையை உலர்த்த வேண்டும். நீ வரும்போது ஜிப் பை, பவுடர் எதுவும் மூட்டை கட்டாதே, இங்கே எல்லாம் கிடைக்கிறது. அம்மா இடித்த ரசப்பொடி மட்டும் ஒரு கிலோ, இரண்டு கவர் போட்டுக் கட்டு. இந்தக் கடிதத்தில் துப்பாக்கி வருகிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டு.

உன் அக்கா