பல்லிக்கு முன்னால் பெட்டியை வாங்குங்கள்

லண்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். பிறந்தநாளுக்குக் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒருவகைப் பல்லி) வேண்டும் என்று உங்கள் வீட்டிலும் நச்சரிப்பு தொடங்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் போன வருடம் தொடங்கியது. சரி, தொலையட்டும் என்று லெப்பர்டு கெக்கோ ஒன்றை வாங்கினோம். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, "துடைப்பத்தால விரட்டுறதைக் காசு குடுத்து வாங்கியிருக்கியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா விரட்டுகிற பல்லி வேறு, இது வேறு. இது கண்ணாடியில் ஏறாது. விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, நகம்தான். இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று வறண்ட கல்லும் பொந்துமான நிலத்தில் வாழ்கிற பிராணி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். மகள் பல்கலைக்கழகம் போன பிறகும் பூச்சி போடப்போவது நீங்கள்தான்.

கடையில் 'எல்லாம் அடங்கியது' என்று இரண்டடிக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தந்தார்கள். அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), சுவரில் வட்டத் தெர்மாமீட்டர். சூடு மிஞ்சாமல் மேட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. தேவைப்படுமா என்று நானும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் பல்லியைக் கையில் எடுத்துத் திருப்பிய மகள்தான் பார்த்தாள்: வெளிர் வயிற்றில் ஐந்து பென்ஸ் காசு அளவுக்குச் சிவந்து கன்றியிருந்தது. சுட்டால் தானாக நகர்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம். நகராமல் அப்படியே படுத்திருக்கிறது. சுவர்த் தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. அது அளந்தது காற்றை. கால்நடை டாக்டர் சொல்லி வாங்கிய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தரையில் காட்டினால் 44.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். பெட்டியை முதலில் வாங்கி, ஒரு வாரம் காலியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு முனையில் தரை 32 டிகிரி, மறு முனை 25 பக்கம். இரண்டு முனைக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் முக்கியம். சூடு வேண்டும்போது இந்தப் பக்கமும் வேண்டாதபோது அந்தப் பக்கமும் போய்க்கொள்ளும். இரண்டடி போதாது, மூன்றடி நீளம் இருந்தால்தான் இது சரியாக அமைகிறது. சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயர் ஹீட் மேட்டுக்கு நேர் மேலே, அசையாமல் இருக்க வேண்டும். பல்லி அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டால், இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து தெர்மோஸ்டாட் மேட்டை எரித்துக்கொண்டே இருக்கும். மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கானால் ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். செலோடேப் கூடவே கூடாது. பல்லி அதில் ஒட்டிக்கொண்டு இழுத்தால் தோலோடு வந்துவிடும்.

அலங்காரக் கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். அடியில் தோண்டும், கல் சரிந்து நசுக்கிவிடும். கல் பெட்டியின் அடித்தரையில் உட்கார வேண்டும், மண் அதைச் சுற்றி வரட்டும். முதல் சில மாதம் மண்ணே வேண்டாம், கிச்சன் டவல் போதும். கால்சியம் மணல் என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். தின்று குடல் அடைத்துக்கொள்ளும். ஒளிந்துகொள்ளச் சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஈரமான பொந்து ஒன்று. எங்கள் ஈரப்பொந்து பழைய ஐஸ்கிரீம் டப்பா: பக்கத்தில் ஓட்டை, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே நனைத்த பாசி. இது இல்லாவிட்டால் தோல் உரியும்போது விரல் நுனியில் வளையம்போல் நின்றுவிடும். ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

ஒரு பெட்டிக்கு ஒரு பல்லிதான். துணைக்கு இன்னொன்று வாங்கித் தரும் நம் வீட்டுக் குணத்தை இங்கே காட்டாதீர்கள். பல்லி தின்னாமல் விட்ட பூச்சியை ராத்திரி உள்ளே விட்டுவைக்காதீர்கள், அது பல்லியைக் கடிக்கலாம். பெட்டி ஜன்னல் வெயிலில் வேண்டாம், பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணிப் புகை அதற்கு ஆகாது. (அம்மாவிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

சட்டமும் ஒரு வரி. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பிராணியை விற்கக் கூடாது. பிள்ளை வளர்த்தாலும் பொறுப்பு பெற்றோருடையது. கோடையில் ஆறு வாரம் ஊருக்குப் போகிற வீடுகள், சாவி யாரிடம் என்பதோடு தெர்மோஸ்டாட் யார் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் பழைய இரண்டடிப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. வண்டியில் கொண்டுபோகும்போது தற்காலிகமாக வைத்துக்கொள்ள உதவும், யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். மேட் கேட்காதீர்கள், வயரை வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
ஈஸ்ட் ஹாமில் ஒரு அப்பா