ஸ்வர வரியிலிருந்து தொடங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் மூன்று அட்டை மாதிரிகளும் வந்து சேர்ந்தன. பெரியவளுக்கு இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே யாவரும் நலம். மார்கழிக் கச்சேரிகள் தொடங்குமுன் முதல் இதழைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிறாய். முடியும். ஆனால் நீ வேலையைத் தொடங்கியிருக்கும் முனை எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று மாதிரியிலும் மாஸ்ட்ஹெட்டை, அதாவது அட்டையில் வரும் இதழ்ப் பெயரை, மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாய். கர்நாடக இசை இதழின் எழுத்தை அட்டையில் வைத்து முடிவு செய்ய முடியாது. உள்ளே ஸ்வரப்படுத்திய பக்கம் ஒன்று வரப்போகிறதே, அதில் எந்த எழுத்துரு தாங்குகிறதோ அதுதான் உன் இதழின் எழுத்துரு. மாஸ்ட்ஹெட்டை அதன் சாயலில் கடைசியாக வரை.

ஏன் என்கிறாயா? தமிழில் ஸ்வரம் எழுதும்போது மேல் ஸ்தாயிக்கு (உயர்ந்த ஸ்வர வரிசைக்கு) எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. தலையில் புள்ளி என்றால் தமிழ்க் கண்ணுக்கு அது மெய்யெழுத்து. மேல் ஸ்தாயி மத்தியமம் ‘ம்’ என்றும், பஞ்சமம் ‘ப்’ என்றும் படிக்கப்படும். தட்டச்சு செய்பவர்கள் பலர் இதையே வசதியாக்கிக்கொண்டு, மேல் ஷட்ஜத்துக்கு ‘ஸ்’ என்றே அடித்துவிடுகிறார்கள். ஷட்ஜத்தில் அது ஓடிவிடும். ரி, நி வந்ததும் மாட்டிக்கொள்ளும். இகரக் குறி ஏறிய எழுத்தின் மேல் மெய்ப்புள்ளியை யூனிகோட் முறை ஏற்காது. புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்றை நடுவில் போட்டு உடைத்துக் காட்டும். யூனிகோடில் பொதுவான மேல்புள்ளிக் குறி ஒன்று தனியாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கமாட்டார்கள். ரீயின் சுழி மேலேயே ஏறிக்கொள்ளும், அல்லது அடுத்த எழுத்தின் தலைக்கு நகர்ந்துவிடும்.

ஆகவே ஸ்வரத்துக்கென்று ஒரு தனி எழுத்துரு செய்துகொள். பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. ஸ ரி க ம ப த நி என்று குறில் ஏழு, ஸா ரீ கா மா பா தா நீ என்று நெடில் ஏழு, ஆகப் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் மத்திய ஸ்தாயி, மேல், கீழ் என்று மூன்று வடிவம், மொத்தம் 42. ஓஎஃப்எல் என்னும் திறந்த உரிமத்தில் வரும் எழுத்துரு ஒன்றை எடுத்து, ஃபாண்ட்ஃபோர்ஜ் என்னும் எழுத்துரு மென்பொருளில் திறந்து இவற்றைச் சேர்க்கலாம். அந்த உரிமம் மாற்றியமைக்க அனுமதிக்கிறது. மூலப் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் உன் பிரதிக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளியை வைக்கும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். ஸ்தாயிப் புள்ளி மெய்ப்புள்ளியைவிடச் சிறிதாகவும், எழுத்தின் தலையிலிருந்து இன்னும் விலகியும் நிற்கட்டும். மெய்ப்புள்ளி திறந்த வட்டமாக உள்ள எழுத்துருவானால் இதை நிறைபுள்ளியாக்கு; வித்தியாசம் உடனே தெரியும். ‘ஸா’வில் இரண்டு உருவத்துக்கும் நடுவே வைக்காதே, ‘ஸ’வின் உடம்புக்கு நேராக வை, காலின் மேல் போனால் எதைச் சேர்ந்தது என்று புரியாது. ‘ரி’யிலும் அப்படியே, மேல்விலங்கை விட்டுவிட்டு உடம்பைப் பார். கீழ் ஸ்தாயியில் தொல்லை தருவது ‘த’வும் ‘நி’யும். இரண்டின் வாலும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். மற்ற ஸ்வரங்களுக்கு வைத்த உயரத்திலேயே புள்ளி வைத்தால் வாலோடு ஒட்டி மையில் கரைந்துவிடும். வாலுக்கும் கீழே இறக்கு, அதே உயரத்தை ஏழு ஸ்வரத்துக்கும் வைத்துக்கொள். வரி சீராக இருக்கும்.

காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் மறந்துவிடாதே. உரைநடையில் அவை நிறுத்தற்குறி; இங்கே அவை கால அளவு. ஒரு காற்புள்ளி விடுபட்டால் தாளமே போயிற்று. பல தமிழ் எழுத்துருக்களில் இவை ஆங்கிலத்துக்கென்று வரைந்த மெல்லிய குறிகள். உன் 42 எழுத்தோடு இவை இரண்டையும் கொஞ்சம் தடிமனாக வரைந்து சேர்த்துக்கொள். இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, மேலே இழுக்கும் கோட்டைக் கையால் வரையாதே. வரி நகரும்போது கோடு அங்கேயே நின்றுவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அடிக்கோடு அமைப்பில் தள்ளலை எதிர்மறை எண்ணாகக் கொடுத்தால் கோடு எழுத்தின் தலைக்கு மேலே போய்விடும். 0.4 பாயிண்ட் தடிமன் போதும். மேல் ஸ்தாயிப் புள்ளிக்கும் மேலே கோடு வர வேண்டும் என்பதால் 9 பாயிண்ட் ஸ்வரத்துக்கு வரி இடைவெளி 20 பாயிண்டாவது தேவைப்படும்.

ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தையும், அதாவது எட்டு எண்ணிக்கையையும், ஒரே வரியில் அடைக்க ஆசைப்படுவாய். ஏ4 பக்கத்தில் உள் ஓரம் 18, வெளி ஓரம் 16 மில்லிமீட்டர் விட்டால் மிச்சம் 176. எட்டால் வகுத்தால் அட்சரத்துக்கு 22. அதில் நான்கு ஸ்வரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை மில்லிமீட்டர். ‘ஸா’ அதில் திணறும். கீழே ஸாஹித்யம், அதாவது பாட்டின் சொற்கள், வேறு வர வேண்டும். முதல் நான்கு அட்சரமான லகுவை ஒரு வரியிலும், இரண்டிரண்டு அட்சரமான இரண்டு த்ருதத்தை அடுத்த வரியிலும் போடு. அட்சரத்துக்கு 44 மில்லிமீட்டர் கிடைக்கும். பாடம் சொல்பவர்களுக்கும் பழகிய பிரிவு அதுதான். இப்படித் தாளத்தின் ஓர் அங்கம் முடியும் இடத்தில் தவிர வேறெங்கும் வரியை உடைக்கவே கூடாது. இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி நேர்படுத்தாமல் அட்டவணையாகவே அமை. இல்லையென்றால் ஒரு திருத்தம் போட்டதும் ஸ்வரம் ஒரு பக்கமும் ஸாஹித்யம் ஒரு பக்கமும் போகும்.

இன்னொரு மோதல் உன் மாதிரிப் பக்கத்திலேயே இருக்கிறது. தெலுங்கு, சம்ஸ்கிருத ஸாஹித்யத்துக்கு, ஒலி வேறுபாட்டைக் காட்ட, எண் போட்டு எழுதுகிறாய். க³ணபதி, பா⁴வம் என்று. அதே பக்கத்தில் ஸ்வர ஸ்தானத்துக்கும், அதாவது அது ஸ்வரத்தின் எந்த வகை என்பதற்கும், எண் போடுகிறாய். மேலே ஏறிய க³ என்பது ஒலி. கீழே இறங்கிய க₃ என்பது அந்தர காந்தாரம். 9 பாயிண்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஸ்தான எண்ணை ராகக் குறிப்பில், ஆரோகண அவரோகணத்தோடு ஒரே ஒரு முறை கொடு. கல்யாணி ராகம் என்றால் ரி₂ க₃ ம₂ த₂ நி₃. அதன்பின் உடலில் வெறும் ஸ்வரம் போதும், எண் ஸாஹித்யத்துக்கு மட்டும். அந்த எண்ணும் முழு எழுத்து முடிந்தபின் வரட்டும். ‘கெ’வின் கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே எண் நுழைத்தால் எழுத்து சிதறும். மேலெழுத்து 2, 3 இரண்டும் பழைய லத்தீன் தொகுதியிலேயே இருப்பவை என்பதால் அநேகமாக எல்லா எழுத்துருவிலும் கிடைக்கும். 4 அப்படியில்லை. எழுத்துருவில் அது இல்லாவிட்டால் கணினி வேறொன்றிலிருந்து கடன் வாங்கும். பா⁴வத்தின் 4 மட்டும் பக்கம் முழுக்க வேறு பருமனில் துருத்திக்கொண்டு நிற்கும். எழுத்துருவை முடிவு செய்யுமுன் இதைச் சோதி.

இந்தச் சிரமம் நமக்குப் புதிதில்லை. 1904-ல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, ஸ்வரத்தின் அசைவுகளான கமகங்களுக்கு என்றே குறிகளை எழுத்தோடு எழுத்தாக அச்சேற்றியது. இன்று நம்மிடம் கணினி இருக்கிறது. புள்ளி ஒழுங்காக விழவில்லை என்று சாக்குச் சொல்ல நமக்கு இடமே இல்லை.

உரைநடை எழுத்துக்கு வருகிறேன். டைரோ தமிழ் அழகான எழுத்து, நீண்ட கட்டுரைக்கு ஏற்றது. அதில் தடித்த வடிவம் கிடையாது. மென்பொருள் செயற்கையாகத் தடிக்கச் செய்யும் எழுத்தில் ‘ஸ’, ‘ஷ’, ‘ஹ’ உள்வெளி அடைபட்டு மை உருண்டையாகும். உன் இதழில் ‘ஸ’ இல்லாத வரியே இருக்காது. தடிமன் வரிசை வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ். துணைத் தலைப்பு, கச்சேரிப் பட்டியல், விளம்பரத்துக்கு அனெக் தமிழ். அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம், குறுகிய பட்டியல் பத்திக்கு அது பெரிய உதவி. சாய்வெழுத்து எதற்கும் வேண்டாம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் விழப்போவதுபோல் இருக்கிறது. கீர்த்தனைப் பெயருக்கு ஒற்றை மேற்கோள் போதும்.

அளவு 10.5 பாயிண்ட், வரி இடைவெளி 15. பத்தி இரண்டுதான், மூன்று வேண்டாம். மூன்றாகப் பிரித்தால் ஒன்றுக்கு 55 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதில் ‘ஷட்விதமார்க்கிணி’, ‘தீரசங்கராபரணம்’ போன்ற சொற்கள் வந்தால் இரண்டு சொல்லுக்கு நடுவே கச்சேரி மேடையே போடலாம். இரண்டு பத்தி என்றால் நடுவே 6 விட்டு 85 கிடைக்கும். சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள். இன்டிசைனில் ‘வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்வாகியிருக்க வேண்டும். மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்தில் யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்ற எழுத்துருவுக்கு மாற்றித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதே, மாற்றும்போது உன் ஸ்தாயிப் புள்ளிகள் எல்லாம் போய்விடும். எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் மட்டும் கொடு.

இப்போது மாஸ்ட்ஹெட். ‘சொற்கட்டு’ நல்ல பெயர். வரைவதற்கு முன் தலைப்புச் சரிபார்ப்பு முடியட்டும். 2024 மார்ச் 1 முதல் புதிய பருவ இதழ் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது, விண்ணப்பம் இணையத்திலேயே. ஒப்புதலான பெயரும் அட்டையில் வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பெயரில் கொம்பு, ச, கால், ற், க, ட், டு என்று ஏழு உருவம். 178 மில்லிமீட்டர் அகலத்தில் பரப்பினால் எழுத்தின் உடம்பு 25 மில்லிமீட்டர் உயரம் வரும். மேலே புள்ளிக்கு 8, கீழே ‘ற’வின் காலுக்கு 7, மொத்தம் 40. பெட்டிக்கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்துத் தொங்கவிட்டால் வெளியே தெரிவது மேல்பகுதிதான். இந்த 40 அதற்குள் அடங்கும். உச்சியில் நடுவே கிளிப் விழும் இடத்துக்கு 12 மில்லிமீட்டர் காலி விடு.

கோட்டின் தடிமன் நான்கரை மில்லிமீட்டரில் தொடங்கு. ‘க’வில் கோடுகள் நெருங்கிச் சேரும் இடங்களில் கொஞ்சம் இளைக்க வை, இல்லையென்றால் அந்த ஓர் எழுத்து மட்டும் கறுத்துப்போகும். உண்மையான தலைவலி ‘ட்டு’. ‘ட’வின் வலப்பக்கம் மேலே முழுக்க வெற்றிடம், அதை அடுத்து இன்னொரு ‘ட’. இரண்டாவது மாதிரியில் பெயரின் பின்பாதி ஓட்டை விழுந்ததுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். முதல் ‘ட’வை ‘ச’வைவிட 15 சதவீதம் குறுக்கு; அதன் புள்ளியைக் கொஞ்சம் வலமாகத் தள்ளு; ‘டு’வை நெருக்கி உள்ளே இழு. ‘சொ’வின் கால் தடித்த எழுத்தில் ரகரமாகத் தெரியும் அபாயம் உண்டு. அடியில் எந்த வளைவும் கொடுக்காமல் நேராக நிறுத்து.

புள்ளியை வீணைக் குடமாக்கியிருக்கிறாய், மூன்றாவதில் மேற்கத்திய ஸ்வரக் குறியாக. இரண்டையும் எடுத்துவிடு. அந்தக் குறி ஐந்து கோட்டு முறைக்குச் சொந்தமானது, நம் பாடாந்தரத்தில் அதற்கு வேலை கிடையாது. குடமும் நகம் அளவுக்குச் சிறுத்தால் கறைதான். உருண்டையான, சற்றே பெரிய புள்ளி இரண்டு, ‘ற்’றிலும் ‘ட்’டிலும், அவையே இந்தப் பெயருக்குத் தாளம்.

பாடகரின் தலை மாஸ்ட்ஹெட்டை மறைப்பதுபோல் அட்டைப்படம் வைப்பது உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். முதல் ஆண்டு வேண்டாம். பெயர் கண்ணுக்குப் பழகவில்லை. அதன்பிறகும், தமிழில் எதை மறைக்கலாம் என்று எண்ணித்தான் செய்ய வேண்டும். கொம்பு மறைந்தால் ‘சாற்கட்டு’. புள்ளிகள் மறைந்தால் ‘சொறகடடு’. மறைத்தாலும் படிக்க முடிவது நடுவில் நிற்கும் ‘க’வின் அடிப்பாதி மட்டுமே.

அட்டை 210 ஜிஎஸ்எம், உள்ளே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத தாள்) என்றாய், சரி. மேப்லித்தோ மையை உறிஞ்சிப் பரப்பும். அதனால் உள்பக்க எழுத்து முழுவதும் தனிக் கறுப்பில் மட்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை ஸ்வரம் போடும் எண்ணமிருந்தால் விட்டுவிடு, ஸ்தாயிப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சாது.

முதலில் ஒரு கல்யாணி கீர்த்தனையின் பல்லவியை மட்டும் ஸ்வரம், ஸாஹித்யம் இரண்டோடும் அமைத்து, மேப்லித்தோ தாளிலேயே அச்சிட்டு அனுப்பு. கணினித் திரைப் படம் வேண்டாம். ஸ்வரம் பார்த்து வாசிக்கிற ஒருவரிடம் அங்கே ஒரு பிரதியைக் கொடு. எந்த இடத்தில் அவர் தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் குறித்து எனக்கும் அனுப்பு. அதற்குள் ‘ட்டு’வுக்கு நான் இரண்டு வரைவு போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
முத்து