‘இது உங்கள் வண்டிக்குச் சேராது’ என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வண்டி மறுபடி ஓடுகிறது. பின் ஆக்ஸிலில் கெட்டுப்போன டிஃபரன்ஷியலுக்கு (எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) மாற்று கிடைத்துவிட்டது. ஐந்து மாதமாக நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று காலை மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்திவிட்டுக் காலை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. கதவும் கூரையும் இல்லாத வண்டியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டால் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: என்னுடையது 1983-ல் யாரோ ஒருவர் தன் கொட்டகையில் கட்டிய கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கார். லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1957-ல் வந்த பிறகு அதே சாயலில் எத்தனையோ கிட்டுகள் வந்தன, அதில் ஒன்று. சேஸியும் பாடியும் கிட்டோடு வந்தவை. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் பழைய ஃபோர்டு எஸ்கார்ட். பின்சக்கரத்தில் ஓடும் எஸ்கார்ட் 1980-ஓடு நின்றுபோனது. ஆகவே இந்த ஆக்ஸிலுக்குள் இருக்கும் எதுவும் புதிதல்ல.

தப்பு என்னுடையதுதான். பினியன் (டிஃபரன்ஷியலின் சின்னப் பல்சக்கரம்) பக்கத்து ஆயில் சீல், அதாவது ஆயிலை வெளியே விடாத வளையம், கசிந்துகொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தேன். அட்டை நனைந்தால் வேறு அட்டை. அட்டையை மாற்றினேனே தவிர, ஆக்ஸிலில் ஆயில் எவ்வளவு மிச்சம் என்று ஒருநாளும் விரல் விட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் போவதே ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். அதில் பாதி அட்டைக்குப் போனால் பற்களுக்கு என்ன இருக்கும்?

முதல் நன்றி, போனிலேயே நோயைக் கண்டுபிடித்த நண்பருக்கு. “சத்தம் அழுத்தும்போதா, விடும்போதா, ரெண்டிலுமா?” என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் கவனித்துச் சொன்னேன்: போன மாதம் அழுத்தினால் மட்டும் ஊளை, இப்போது இரண்டிலும், கூடவே ‘டொக் டொக்’ என்று ஒரு தட்டல். “ஊளை பல்லில் இருந்து, உறுமல் பேரிங்கில் இருந்து. தட்டல் வந்தாச்சுன்னா இனி ஓட்டாதீங்க” என்றீர்கள். ஓட்டியிருந்தால் வெளிக்கூடான ஹவுசிங்கும் போயிருக்கும்.

கழற்றிய அன்று ஜாக்கி ஸ்டாண்டுக்குக் கீழே என்னோடு படுத்துக் கிடந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அடுத்த நன்றி. பிரேக் டிரம்மைக் கழற்றி, ஷாஃப்ட் முகப்பில் உள்ள துளை வழியாக நான்கு போல்ட்டையும் எடுத்து, இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் உருவினோம். கியர்பாக்ஸில் இருந்து பின்னால் வரும் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் இரண்டு முகப்பிலும் பெயின்டால் கோடு போடச் சொன்னது அவன்தான். கடைசி நட்டு விட்டதும் டிஃபரன்ஷியல் மொத்தமாக முன்பக்கம் கழன்று, கைக்குழந்தை மாதிரி அவன் மார்பில் வந்து விழுந்தது. கூடவே மிச்சமிருந்த ஆயிலும். சட்டைக்கு மன்னித்துக்கொள், தம்பி.

தட்டில் வடிந்த ஆயில் வெள்ளி மை போல மினுங்கியது. பினியனில் ஒரு பல்லின் ஓரம் உடைந்திருந்தது. கிரவுனில், அதாவது பெரிய பல்சக்கரத்தில், 33 பல், பினியனில் 8. வகுத்தால் 4.125: சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். 33-க்கும் 8-க்கும் 1-ஐத் தவிர பொது வகுத்தி கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு பல் உடைந்தால் அந்த உடைசலும் அதே முறையில் ஊரெல்லாம் சுற்றி வரும். கிரவுன் முழுக்க வடு. பினியனை மட்டும் மாற்றவும் முடியாது. இரண்டையும் ஜோடியாக உரசிப் பதப்படுத்தி, ஜோடி எண் பொறித்துத்தான் தருகிறார்கள்.

அப்புறம்தான் தேடல். சாதாரண வண்டி என்றால் மாடலும் வருடமும் சொன்னால் போதும். கிட் காரில் “எந்த வண்டி?” என்ற கேள்விக்கே பதில் இல்லை. கட்டியவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார். நான் அவசரப்பட்டேன். “எஸ்கார்ட் டிஃபரன்ஷியல்” என்று ஒருவர் விற்றதை வாங்கிவிட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை, எஸ்கார்ட்தான். பெட்டியைப் பிரித்து ஷாஃப்ட்டை நுழைத்தால் நுழையவில்லை. ஷாஃப்ட் முனையில் வரிவரியாக ஓடும் பற்களை ஸ்ப்ளைன் என்பார்கள். அதில் ஒன்றில் நகப்பூச்சால் புள்ளி வைத்து எண்ணினேன். என் ஷாஃப்ட்டில் 22. வந்த டிஃபரன்ஷியலில் 16. திருப்பித் தரலாமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. யார் என்று எழுதப்போவதில்லை. எண்ணாமல் வாங்கியவன் நான்.

எனக்கு உண்மையில் உதவியவர்கள், விற்க மறுத்தவர்கள்தான். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரிடம் முழு ஆக்ஸிலே கிடந்தது, அதுவும் ஃபோர்டு. பணத்தோடு போனேன். என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுது முன்னால கழன்று வருது. இது அட்லஸ் ஆக்ஸில், பின்மூடியைத் திறந்து உள்ளேயே வச்சுப் பூட்டுறது. சேராது, போங்க” என்றார். அவருக்கு அன்று ஒரு வியாபாரம் போனது. எனக்கு இன்னொரு மாதம் மிச்சமானது.

இன்னொருவர் 3.54 விகிதத்தில் ஒன்று வைத்திருந்தார். நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும் என்று எனக்கு ஆசை. 4.125-ல் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுகிற வேகத்தில் 3.54 போட்டால் 3430 போதும். “உங்க எஞ்சின் 1300 சி.சி. ஏற்றத்தில் நாலாவது கியரை மறந்துடுவீங்க. எனக்கு விற்கிறதில் ஒண்ணுமில்லை, ஆறு மாசத்தில் நீங்களே வந்து திட்டுவீங்க” என்றார். லேசான வண்டிக்கு அது ஒத்துவரும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நான் ஓட்டும் சாலைகளுக்கு அவர் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசியில் கிடைத்தது, மறைந்த ஒரு மெக்கானிக்கின் அலமாரியில். அவருடைய மகள் எனக்கு அறிமுகமில்லாதவர். தொழிலும் தெரியாது. நான் போனில் சொல்லச் சொல்ல, பல்லில் சாக்பீஸ் வைத்துச் சுற்றி எண்ணினார். “முப்பத்தஞ்சு... இருங்க, மறுபடி எண்றேன்... முப்பத்தஞ்சுதான்.” பினியனில் 9. ஆக 3.89. பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்பினார். ஸ்ப்ளைன் 22 என்று இரண்டு முறை எண்ணிச் சொன்னார். கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மேலே கயிறு கட்டி வைத்திருந்தாராம் அப்பா. அம்மா, அந்த முடிச்சை அவிழ்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. உங்கள் அப்பாவின் கை அப்படி. துரு ஒரு புள்ளி இல்லை.

அதை அப்படியே மாட்டப் போனவனைத் தடுத்தவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஐயா. “ஐயா, நல்லாத்தான் இருக்கு” என்றேன். “நல்லாயிருக்குன்னு யார் சொன்னது, நீங்களா, டயல் கேஜா?” என்றார். மயிரிழை அசைவையும் அளக்கும் முள் கருவி அது. பினியன் பேரிங்குகளை மாற்றினார், புது சீல் போட்டார். பற்களில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றி, அது எங்கே அழிகிறது என்று பார்த்தார். தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தது. பக்கவாட்டு அட்ஜஸ்டர் நட்டில் ஒரு காடி நகர்த்தி, மறுபடி தடவி, மறுபடி சுற்றி... ஒரு பிற்பகல் முழுக்க இதே வேலை. பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதற்காக அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்ததை எண்ணினால் அதுவே 35 இருக்கும். தடம் நடுப்பல்லில் நீள்வட்டமாக உட்கார்ந்ததும் “ம்” என்றார். அவ்வளவுதான். கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்த வகை வளைபல் (ஹைப்பாய்டு) உருள்வதோடு வழுக்கவும் செய்யும், சாதாரண ஆயில் தாங்காது என்று சொல்லி, கடும் அழுத்தம் தாங்கும் ஈ.பி. வகை 90 கியர் ஆயிலைத் தன் கையாலேயே ஊற்றினார். அட்டை விஷயத்தை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

ஸ்பீடோமீட்டர் பற்றி எச்சரித்தவருக்கும் நன்றி. கேபிள் கியர்பாக்ஸில் இருந்து வருவதாலும், விகிதம் 4.125-ல் இருந்து 3.89 ஆனதாலும், இப்போது வண்டி 100-ல் போனால் முள் 94 தான் காட்டும். டேஷ்போர்டில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்ட வேண்டாம் என்று ஃபிட்டர் ஐயா சொன்னதும் அதிலேயே இருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. அந்த 16 ஸ்ப்ளைன் டிஃபரன்ஷியல் என் பெஞ்சில் சும்மா கிடக்கிறது. பல் நன்றாக இருக்கிறது, படமும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆரம்பகால எஸ்கார்ட் ஆக்ஸிலில் வண்டி கட்டிய யாருக்காவது வேண்டுமென்றால் காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஷாஃப்ட்டை எண்ணிவிட்டு வாருங்கள். 22 என்றால் தர மாட்டேன்.

அன்புடன்,
அட்டைக்காரன்